தடுப்பூசிக்கு முதல் போட்டவர்கள்

1717ஆம் ஆண்டில் துருக்கிக்கு ஆங்கிலத் தூதராகச் சென்றிருந்தவரின் துணைவியார் மேரி வொர்ட்லி மாண்டேகு அம்மையார், எதிர்னே நகரிலிருந்து தம் தோழிக்கு ஒரு கடிதம் வரைந்தார். அந்நாட்டு முதிய பெண்டிர் அம்மைப்பாலைச் சிறிதளவு எடுத்து, குழந்தைகளின் தோலைக் கீறி உள்ளே செலுத்தி, பெரியம்மையின் கொடுமையினின்றும் அவர்களைக் காத்துவந்த முறையை அக்கடிதத்தில் வியந்து விவரித்திருந்தார். மறு ஆண்டில் தம் மகனுக்கும், 1721இல் இலண்டனில் தம் மகளுக்கும் அவ்வாறே செய்வித்தார். பசு அம்மையைக் கொண்டு எட்வர்டு ஜென்னர் புதுமுறை கண்ட 1796ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது. கிழக்கிலிருந்து மேற்கே கடல் கடந்து சென்ற அந்த அறிவுக்கு எவரும் சுங்கம் கேட்கவில்லை. காப்புரிமை என்ற சொல்லையே அப்பெண்டிர் அறிந்திருக்கமாட்டார்கள்.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. 2020இல் கொரோனா கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, முதன்முதலில் ஒப்புதல் பெற்ற தடுப்பூசிகளுள் ஒன்றை ஜெர்மனியில் உருவாக்கியவர்கள் உகுர் சாஹின், ஓஸ்லெம் துரேசி என்னும் துருக்கிய மரபினரான மருத்துவத் தம்பதியர். பயோன்டெக் என்ற அவர்களுடைய நிறுவனம் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனத்தோடு கூடி அதனை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இம்முறை அறிவு தனியே பயணம் செய்யவில்லை. முதலைத் துணையாகக் கொண்டு பயணம் செய்தது. முதல் சென்ற இடமெல்லாம் மருந்தும் சென்றது. முதல் இல்லாத இடங்களில் மருந்து தயங்கி நின்றது. 2021ஆம் ஆண்டு முடிவில், செல்வ நாடுகள் மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், மிக வறிய நாடுகளின் மக்களுள் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே ஒரு ஊசியேனும் பெற்றிருந்தனர்.

இதற்குப் பின் முதலீட்டாளர்கள் பலர் அறிக்கைகள் விடுத்தனர். 'உலகோர் அனைவருக்கும் நியாயமான பங்கு' என்பது அவ்வறிக்கைகளின் பல்லவி. நூலொன்றைத் திறனாய்பவர் அதன் முகவுரையை மட்டும் படித்துத் தீர்ப்புக் கூறுவதில்லை. முதலீட்டாளரின் அறிக்கை முகவுரை; அவர் கையொப்பமிட்ட பத்திரமே நூல். பணம் கைமாறிய வேளையில் அப்பத்திரத்தில் என்ன எழுதப்பட்டது, என்ன எழுதப்படாமல் விடப்பட்டது என்பதை நோக்கினால்தான் மருந்துக்கு முதல் போட்டவர்களின் உண்மையான பங்கு விளங்கும். அவர்களை மூவகையினராக நாம் பிரித்துக்கொள்ளலாம்: கடன் கொடுத்தோர், பங்கு கொண்டோர், வரி செலுத்தியோர்.

கடன் கொடுத்தோர்

முதல் வகையினருக்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு நமது சமுதாயத்தோடும் தொடர்புடையது. வறிய நாடுகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் 'கேவி' கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் தோன்றியது. பிரிட்டன், பிரான்சு, நார்வே முதலிய அரசுகள் அதற்கு உதவ முன்வந்தன. அவை வாக்களித்த தொகையோ இருபது ஆண்டுகளையும் கடந்து தவணை தவணையாக வரவேண்டியது. இவ்வாண்டு பிறந்த குழந்தை பதினைந்தாம் ஆண்டில் வரும் தவணைக்காகக் காத்திருக்க முடியுமா? இதற்கு ஒரு வழி காணப்பட்டது. அரசுகளின் எழுத்து மூலமான வாக்குறுதியை ஈடாக வைத்து, உலக வங்கியின் நிர்வாகத்தில் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றை விற்றுக் கிடைத்த பணத்தில் உடனே மருந்து வாங்கப்பட்டது. பின்னர் அரசுகளின் தவணை வரவர, பத்திரம் வாங்கியோருக்கு முதலும் வட்டியும் திருப்பித் தரப்பட்டன. 2006இல் வெளியான முதற் பத்திரத்தின் மதிப்பு 100 கோடி டாலர்.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் இதே அமைப்பு 50 கோடி டாலருக்கு 'தடுப்பூசி ஸுகூக்' ஒன்றை வெளியிட்டது. வட்டியைத் தவிர்க்க விழையும் முஸ்லிம் முதலீட்டாளர்களுக்கென அமைந்த பத்திரம் இது. அதனை வாங்கியோருள் பெரும்பகுதியினர் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தோர். 2015இல் 20 கோடி டாலருக்கு இரண்டாவது ஸுகூக்கும், 2019இல் ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கியிடமிருந்து 5 கோடி டாலர் பெற்ற மூன்றாவது ஸுகூக்கும் வெளிவந்தன. பாகிஸ்தானிலும் நைஜீரியாவிலும் ஏமனிலும் ஆப்கானிஸ்தானிலும் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு கேவி உதவுகிறது என்பதை எண்ணும்போது, வளைகுடாச் செல்வம் அப்பக்கம் திரும்பியதில் நாம் மகிழ்ச்சி அடைவது இயல்பே. அந்த மகிழ்ச்சியைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆயினும் பத்திரத்தைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

இந்த ஸுகூக் முராபஹா என்னும் முறையில் அமைந்தது. ஒரு பொருளை வாங்கி, அடக்க விலையோடு குறித்த இலாபம் சேர்த்து, தவணைக்கு விற்பது முராபஹா. இங்கே வாங்கி விற்கப்படும் சரக்குக்கும் மருந்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கடனைக் கொள்முதலாக உருமாற்றுவதற்காகவே சரக்கு நடுவில் வந்து போகிறது. இலாப அளவும் இலண்டன் வங்கிகள் தமக்குள் வாங்கும் வட்டி விகிதத்தை அளவுகோலாகக் கொண்டு, அதற்குச் சற்று மேலாக வைக்கப்பட்டது. ரொக்கம் பெறுவதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு ஏற்பாடு செய்யப்படும் இத்தகைய சரக்குச் சுழற்சியை 2009இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் பேரவை ஏற்க மறுத்ததையும், அதற்கு மாறான கருத்துடைய அறிஞர்கள் இருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தச் சட்டச் சிக்கலை ஆலிம்களுக்கு விட்டுவிடுவோம். நமது வினா வேறு: பத்திரம் வாங்கியவர் மருந்தின் நியாயமான பங்கீட்டுக்கு என்ன செய்தார்?

அவர் காலத்தைத் தந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து வரவேண்டிய பணத்தை இன்றே வரச் செய்தார். உயிர் காக்கும் தொழிலில் காலம் பெரும் செல்வம் என்பதால், இது மெய்யான நன்மை. அதற்குமேல் அவர் எதையும் தரவில்லை, எதையும் கேட்கவுமில்லை. மருந்தின் விலை குறைந்தாலும் உயர்ந்தாலும் அவருடைய வருவாய் மாறாது. குழந்தைகளுக்கு ஊசி சேர்ந்தாலும், கிடங்கில் கெட்டுப்போனாலும் அவருக்குரிய தவணை தவறாது. பங்கீடு தவறினால் அவருக்கு இழப்பில்லை. செம்மையானால் மிகுதியும் இல்லை. பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகளின் நாணயத்தை நம்பி அவர் பணம் கொடுத்தார். இலாபத் தொகையைக் கொடுத்தவர்கள் அந்நாடுகளின் வரி செலுத்தும் மக்கள். இந்த ஏற்பாட்டில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இதனைத் தியாகம் என்றும் தருமம் என்றும் விளம்பரப்படுத்தும்போதுதான் திறனாய்வாளர் குறுக்கிட வேண்டியிருக்கிறது. நம்பகமான கடனாளிக்குக் கடன் கொடுப்பது நல்ல வணிகம். அந்தக் கடன் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது நல்ல வாய்ப்பு. இரண்டையும் அதனதன் பெயரால் அழைப்பதே நேர்மை.

மேலும் ஒரு செய்தி. கேவி வாங்கும் மருந்துகளுள் முதன்மையானது ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் ஐந்தொருமை ஊசி. தொடக்கத்தில் ஓர் ஊசி மூன்று டாலருக்கு மேல் விற்றது. 2016இல் யுனிசெஃப் அறிவித்த ஒப்பந்தத்தில் சராசரி விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. மொத்தமாகவும் உறுதியாகவும் வாங்குவதற்குப் பணம் கையிலிருந்தது இதற்கு ஒரு காரணம். கடன் கொடுத்தோருக்கு அதில் பங்குண்டு. அதனினும் பெரிய காரணம், இந்திய ஆலைகள் உள்ளிட்ட பலர் அம்மருந்தைச் செய்யக் கற்றுக்கொண்டு ஒருவரோடொருவர் போட்டியிட்டது. செய்யும் அறிவு பரவிய பின்புதான் விலை பணிந்தது.

பங்கு கொண்டோர்

அந்த அறிவு பரவிய வரலாற்றில்தான் இரண்டாம் வகை முதலீட்டாளரைக் காண்கிறோம். மஞ்சள் காமாலையின் கொடிய வகையான ஹெபடைட்டிஸ் பி நோய்க்குரிய தடுப்பூசி 1990களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. விலை நூற்றுக்கணக்கான ரூபாய். நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாதது. வரப்பிரசாத ரெட்டி என்னும் மின்னணுப் பொறியாளர் இதனை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று புறப்பட்டார். வெளிநாட்டு நிறுவனமொன்றிடம் தொழில்நுட்பம் கேட்டபோது தாங்க முடியாத விலை கூறப்பட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1993இல் ஐதராபாத்தில் தம் அன்னையாரின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உயிரியல் தொழில்நுட்பம் என்றால் என்னவென்றே இங்குள்ள வங்கிகளுக்கு விளங்காத காலம் அது. அப்போது பெரும் பங்கு முதல் போட்டு அவருக்குத் தோள்கொடுத்தவர், ஓமான் நாட்டின் வெளியுறவுத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த யூசுப் பின் அலவி பின் அப்துல்லாஹ் அவர்கள்.

1997இல் அம்மருந்து வெளிவந்தது. ஓர் ஊசியின் விலை ஏறத்தாழ ஐம்பது ரூபாய். வெளிநாட்டு மருந்தின் விலையும் இறங்கிவர நேர்ந்தது. மற்ற இந்திய நிறுவனங்களும் அவ்வழியே வந்தன. பின்னர் சாந்தா நிறுவனம் ஐந்தொருமை ஊசியையும் செய்து உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது.

நமது வணிக மரபில் முளாரபா என்று ஒன்று உண்டு. ஒருவர் முதல் போடுவார். மற்றவர் உழைப்பைப் போடுவார். இலாபம் வந்தால் பேசியபடி பங்கு. பொருள் நட்டமானால் அது முதல் போட்டவருக்கே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கப்பலேறிய வணிகர்களின் வழியில் வந்த குடும்பங்களுக்குக் கூட்டு வாணிபத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர் கரையில் நின்று தவணையை எண்ணுவார். கூட்டாளி அதே கப்பலில் இருப்பார். சாந்தா நிறுவனத்தில் போடப்பட்ட முதல் கூட்டாளியின் முதல். மருந்து உருவாகாது போயிருந்தால் அது மூழ்கியிருக்கும். கடன் கொடுத்தவர் காலத்தை மட்டும் தர, இந்தக் கூட்டாளி அறிவு வேரூன்றுவதற்கு நிலம் தந்தார். ஐம்பது கோடி டாலர் ஸுகூக்குக்குக் கிடைத்த விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தச் சிறு முதலுக்குக் கிடைத்ததில்லை என்பது வருந்தத்தக்கது.

எனினும் இவ்வரலாற்றின் பிற்பகுதியையும் சொல்லாமல் விடலாகாது. 2009இல் சாந்தா நிறுவனம் பிரான்சின் சனோஃபி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. புதிய உடைமையாளர் நல்லவரா அல்லவா என்பது ஈண்டு வினாவன்று. நல்ல முதலாளியின் மனப்பாங்கு பங்குச் சீட்டோடு சேர்ந்து விற்பனையாவதில்லை. மலிவாகத் தரவேண்டும் என்ற எண்ணம் ஒருவர் நெஞ்சில் இருக்கும் வரை அது அவரோடு வாழும். அவர் விலகினால் அதுவும் விலகலாம். எழுத்தில் பதிந்த நிபந்தனைக்கே அடுத்த உடைமையாளரையும் கட்டுப்படுத்தும் வலிமை உண்டு.

எழுத்தில் பதியாத எண்ணம் எவ்வளவு வலுவற்றது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரியில், மூன்றரை லட்சம் கோடி டாலர் சொத்தை நிர்வகிக்கும் 65 முதலீட்டு நிறுவனங்கள் பெரும் தடுப்பூசி நிறுவனங்களுக்கு எழுதின. உலகெங்கும் மருந்து நியாயமாகக் கிடைப்பதோடு தலைமை நிர்வாகிகளின் ஊதியத்தை இணைக்க வேண்டும் என்பது அவற்றின் கோரிக்கை. ஏப்ரலில் மொடெர்னா, ஃபைசர் நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டங்களில் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் ஒரு தீர்மானம் வைக்கப்பட்டது. மருந்து செய்யும் தொழில்நுட்பத்தை வறிய நாடுகளின் ஆலைகளுக்கு மாற்றித் தர இயலுமா என்று ஆராய்ந்து அறிக்கை தருக என்பதே அது. தொழில்நுட்பத்தைத் தந்துவிடு என்றுகூட அத்தீர்மானம் கேட்கவில்லை. ஆராய்ந்து சொல் என்றுதான் கேட்டது. இரு நிறுவனங்களிலும் ஏறத்தாழக் கால் பங்கு வாக்குகளே ஆதரவாக விழுந்தன. தீர்மானம் தோற்றது.

கால் பங்கு என்பது சிறிதன்று என்று கூறுவோர் உளர். பங்குதாரர் கூட்டங்களின் வழக்கத்தை நோக்க, அது உண்மையே. நிர்வாகத்தின் விருப்பத்துக்கு மாறாக இவ்வளவு பேர் கைதூக்குவது அரிது. ஆனால் காலத்தையும் கருத வேண்டும். ஊசிக்கு மக்கள் அலைந்த 2021ஆம் ஆண்டில் மொடெர்னாவின் வருமானம் ஏறத்தாழ 1,850 கோடி டாலர். இலாபம் ஏறத்தாழ 1,220 கோடி டாலர். அந்த இலாபம் கணக்கில் ஏறி, பங்கின் விலை உச்சிக்குப் போய் இறங்கிய பிறகே இந்தத் தீர்மானம் வாக்குக்கு வந்தது. விளைந்த களத்தில் நெல் அளந்து வண்டியேறிய பின் குத்தகை பேசுவதைப் போன்றது இது.

வரி செலுத்தியோர்

மூன்றாம் வகை முதலீட்டாளர்களைப் பற்றி அறிக்கைகள் மிகக் குறைவாகப் பேசுகின்றன. ஆயினும் அவர்கள் போட்டதே பெரிய முதல். மொடெர்னா தடுப்பூசியின் ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் அமெரிக்க அரசு ஏறத்தாழ 100 கோடி டாலர் கொடுத்தது; மருந்து தேறுமா என்று தெரியுமுன்னரே 2020 ஆகஸ்டில் 10 கோடி ஊசிகளுக்கு ஏறத்தாழ 150 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அரசின் தேசியச் சுகாதார ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் மருந்தின் உருவாக்கத்திலேயே பங்கு கொண்டனர். பயோன்டெக் நிறுவனத்துக்கு ஜெர்மானிய அரசு 37.5 கோடி யூரோ வழங்கியது. ஆக, முதலை இழக்கும் அபாயத்தைப் பெருமளவு தோளேற்றவர்கள் வரி செலுத்தும் மக்கள். முளாரபா முறைப்படி நோக்கினால் அவர்களே முதன்மைக் கூட்டாளிகள்.

அந்தக் கூட்டாளிகளின் சார்பில் அரசுகள் எழுதிய பத்திரத்தில் என்ன இருந்தது? தம் நாட்டுக்கு இத்தனை கோடி ஊசி, இத்தனை நாளில் என்பது இருந்தது. செய்முறையைப் பிற நாட்டு ஆலைகளோடு பகிர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உற்பத்தியில் ஒரு பங்கு வறிய நாடுகளுக்கு முதலிலேயே செல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதாமல் விட்டதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. அனைத்து நாடுகளுக்கும் பங்கிட்டுத் தருவதற்கென அமைந்த கோவாக்ஸ் திட்டம் 2021ஆம் ஆண்டில் 200 கோடி ஊசிகள் வழங்க எண்ணியது. அதில் பாதியைக்கூட அவ்வாண்டுக்குள் எட்டவில்லை. கனடா முதலிய நாடுகள் தம் மக்கள் தொகைக்குப் பன்மடங்கு மருந்தை ஒப்பந்தத்தால் கட்டி வைத்திருந்தன. மொடெர்னா கோவாக்ஸோடு ஒப்பந்தம் செய்தது 2021 மே மாதத்தில்தான். அம்மருந்தும் அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் தொடங்கியே வரும் என்று குறிக்கப்பட்டது.

நிபந்தனையை எழுத முடியாது என்பதில்லை. எழுதியதைக் காக்கும் உறுதி வேண்டும் என்பதே பாடம். கொள்ளைநோய்களுக்கு முன்கூட்டியே தடுப்பூசி உருவாக்குவதற்காக 2017இல் 'செப்பி' என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. தன்னிடம் பணம் பெறுவோர் மருந்தை அனைவர்க்கும் எட்டும்படி தரவேண்டும் என்று கண்டிப்பான விதிகளை அது முதலில் வகுத்தது. மருந்து நிறுவனங்கள் முணுமுணுத்தன. 2018 முடிவில் விதிகள் தளர்த்தப்பட்டன. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு இதனைக் கண்டித்தது. கொள்ளைநோய் வந்தது அதற்கு ஓராண்டு கழித்து.

நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ ஒருவர் நிலத்தை வக்பு செய்யும்போது, அதன் வருவாய் எதற்கு, யாருக்கு, எந்த விகிதத்தில் என்பதைப் பத்திரத்தில் எழுதி வைக்கிறார். மார்க்கத்துக்கு முரணாகாத வரை, வக்பு செய்தவரின் நிபந்தனையைச் சட்டம் போல் மதிக்க வேண்டும் என்பது பிக்ஹ் நூல்கள் நிலைநாட்டிய விதி. பிறகு வரும் முத்தவல்லி வல்லவராயினும் அதனை மாற்ற இயலாது. கொடுத்தவர் மண்ணறையில் இருந்தாலும் அவர் குரல் பத்திரத்தில் இருக்கிறது. நிபந்தனையை எழுதும் உரிமை கொடுக்கும் அந்த ஒரு வேளைக்கு உரியது. அந்த வேளை கடந்தால் அவர் வாரிசும் வேண்டிக்கொள்ள முடியுமே தவிரக் கட்டளையிட முடியாது. உலகின் பெரிய அரசுகள் கோடி கோடியாகப் பொதுப் பணத்தைக் கொடுத்தன. அந்த ஒரு வேளையைத் தவறவிட்டன. பின்னர் ஐக்கிய நாடுகள் மேடையிலும் உலக வணிக நிறுவனத்திலும் அவை பேசியவை யாவும் வேண்டுகோள்களே. கொரோனா மருந்துகளின் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும்படி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. மிகச் சுருங்கிய வடிவில் ஒரு முடிவு வந்தது 2022 ஜூனில். அதற்குள் இருபது மாதங்கள் ஓடிவிட்டன.

மறுப்புகளும் விடையும்

இங்கே சில மறுப்புகளுக்கு விடை கூறுவது கடமை. 'இலாபம் இல்லையெனில் முதல் வராது. முதல் வராவிடில் மருந்தே இராது' என்பர். இதில் உண்மை உண்டு. பயோன்டெக் நிறுவனத்திலும் மொடெர்னாவிலும் பல ஆண்டுகள் வருமானம் காணாமலே பணம் போட்டவர்கள் இருந்தனர். அவர்களுடைய பொறுமை இன்றேல் 2020இல் அம்மருந்து கைக்கு எட்டியிராது. இலாபமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. வணிகத்தை ஆகுமாக்கிய மார்க்கம் இலாபத்தையும் ஆகுமாக்கியது. நிபந்தனையோடு கூடிய இலாபமும் இலாபமே. அஸ்ட்ராஜெனகா நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, கொள்ளைநோய்க் காலத்தில் இலாபமின்றி மருந்து தர ஒப்பியது. பூனாவிலுள்ள சீரம் நிறுவனம் உள்ளிட்ட பல ஆலைகளுக்குச் செய்முறையையும் தந்தது. சீரம் நிறுவனம் கோவாக்ஸுக்கு ஓர் ஊசி மூன்று டாலர் என்ற உச்ச விலைக்கு இசைந்தது. இதற்கு கேட்ஸ் அறக்கட்டளையின் முன்பணம் துணை நின்றது. நிபந்தனை எழுதினால் முதலீட்டாளர் ஓடிவிடுவர் என்ற அச்சத்துக்கு இதுவே விடை.

அந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை வெளிப்பட்டது. 2021 மார்ச்சில் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. சீரம் நிறுவனத்தையே பெரிதும் நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பல மாதங்கள் கையறு நிலையில் நின்றன. எரியும் வீட்டுக்குரியவன் முதலில் தன் வீட்டுக்கே தண்ணீர் ஊற்றுவான். அதற்காக அவனைப் பழிப்பது எளிதன்று. ஊருக்கெல்லாம் ஒரே கிணறு இருந்ததுதான் பிழை.

'வறிய நாடுகளிடம் திறமை இல்லை. செய்முறையைக் கொடுத்தாலும் செய்யமாட்டார்கள்' என்பது மற்றொரு மறுப்பு. கேப்டவுன் நகரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு இயங்கும் அஃப்ரிஜென் நிறுவனம், மொடெர்னாவின் உதவி இன்றியே, வெளிப்படையாகக் கிடைத்த தகவலைக் கொண்டு 2022இன் தொடக்கத்தில் அம்மருந்தை ஆய்வுக்கூட அளவில் செய்து காட்டியது. மொடெர்னாவோ 2022 மார்ச்சில் கென்யாவில் தானே ஆலை அமைப்பதாக அறிவித்து, தேவை குறைந்தது என்று கூறி 2024இல் அதனை நிறுத்தி வைத்தது. வணிகக் கணக்கில் அம்முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் அங்கே ஆலை இராது என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். பற்றாக்குறைக்கு முதலீட்டாளரே முழுப் பொறுப்பு என்பதும் நமது வாதமன்று. குளிர்பதனம், பாதை, மருத்துவப் பணியாளர், மக்களின் ஐயம் ஆகியவையும் காரணங்களே. எனினும் வந்து சேராத மருந்தை எந்தப் பாதையும் சுமக்க முடியாது.

நமது சல்லடை

இவையெல்லாம் வாஷிங்டனிலும் இலண்டனிலும் பேச வேண்டிய செய்திகள், நமக்கென்ன என்று வாசகர்கள் வினவலாம். நம் குடும்பங்களில் வளைகுடாவில் ஈட்டியதும் வணிகத்தில் மிஞ்சியதும் இன்று நகையிலும் நிலத்திலும் மட்டும் முடங்கியிருக்கவில்லை. ஷரீஅத் முறைப்படி தேர்ந்த பங்குகளில் முதலிடும் நிதியங்களை நாடுவோர் நம்முள் உளர். அந்நிதியங்கள் நிறுவனங்களைச் சல்லடையிட்டுத் தேர்கின்றன. மது உண்டா, சூது உண்டா, வட்டித் தொழில் உண்டா, கடன் வரம்பு மீறியதா என்று பார்க்கின்றன. தேவையான வினாக்கள். மருந்து நிறுவனங்கள் பெரும்பாலும் இவற்றில் எளிதில் தேறிவிடுகின்றன.

ஆனால் இந்தச் சல்லடை ஒரு நிறுவனம் எதைச் செய்கிறது என்பதை மட்டுமே சலிக்கிறது. செய்ததை யாருக்கு மறுக்கிறது என்பதைச் சலிப்பதில்லை. உயிர் காக்கும் மருந்தின் செய்முறையைப் பூட்டி வைத்த நிறுவனமும், பகிர்ந்தளித்த நிறுவனமும் இச்சல்லடையில் ஒன்றே. பதுக்கலைக் கடுமையாகக் கண்டித்த மார்க்கத்தின் பெயரால் இயங்கும் நிதியங்களுக்கு இது போதுமா? கிறிஸ்தவத் துறவியர் சபைகள் பங்குதாரர் என்ற உரிமையில் மருந்து நிறுவனங்களின் கூட்டங்களில் எழுந்து நின்று விலையைப் பற்றியும் காப்புரிமையைப் பற்றியும் வினாத் தொடுத்துவருகின்றன. டச்சு நாட்டு ஓய்வூதிய நிதியங்களைப் போன்ற பெரும் முதலீட்டாளர்கள் 'மருந்து எட்டும் குறியீடு' என்ற தரவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகின்றனர். 2008 முதல் வெளிவரும் அக்குறியீடு, பெரும் மருந்து நிறுவனங்கள் வறிய நாடுகளுக்கு மருந்தை எவ்வளவு எட்டச் செய்கின்றன என்பதை அளந்து சொல்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் இவ்வளவுகோலை நமது நிதியங்களின் சல்லடையில் சேர்ப்பதற்குத் தடை ஏது?

ஸுகூக் வெளியிடுவோருக்கும் சொல்ல ஒன்றுண்டு. குழந்தைகளின் பெயரால் பணம் திரட்டுங்கள், அது நன்று. அடுத்த முறை பத்திரத்தில் ஒரு வரியைச் சேருங்கள்: இப்பணத்தால் வாங்கப்படும் மருந்தில் ஒரு பங்கேனும், செய்முறையைப் பகிர்ந்துகொண்ட ஆலைகளிலிருந்து வாங்கப்படும் என்று. கடன் கொடுப்பவரும் அவ்வளவு கேட்கலாம். கேட்டால், சரக்குச் சுழற்சியால் ஷரீஅத்தின் தோற்றத்தை மட்டும் பெற்ற பத்திரம் அதன் உயிரையும் சற்றுப் பெறும்.

முதல் போடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேளை உண்டு. பணம் தம் கையை விட்டு அகலுமுன் உள்ள வேளை அது. இலாபம் எவ்வளவு என்று அப்போது கேட்க நாம் அனைவரும் பழகியிருக்கிறோம். இம்மருந்து யாருக்கெல்லாம் சேரும், சேராவிடில் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கவும் பழகுவோமாக.